இரண்டாவது நாற்காலி

1

மக்களுக்குப் பிடிக்காமல் போய்விட்ட ஒரு துணை ஜனாதிபதியை, பதவியிலிருக்கும் ஜனாதிபதி அடுத்த தேர்தலுக்கு முன் மாற்றிவிடலாமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி சில ஆண்டுகளுக்கொரு முறை கிளம்புகிறது. கிளம்பும்போதெல்லாம் ஒரு கணக்காகவே கேட்கப்படுகிறது. மாற்றினால் எந்த மாநிலத்தில் எத்தனை ஓட்டுக் கூடும், மாற்றாவிட்டால் எத்தனை குறையும் என்று. கணக்குக்கு விடை சொல்ல எனக்குத் தகுதியில்லை; அதில் ஆர்வமும் இல்லை. ஆனால் கணக்குக்கு அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. நாமே தேர்ந்து நம் பக்கத்தில் உட்காரவைத்த ஒருவரை, பிறருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எழுப்பி அனுப்புவது எப்போது நியாயம்? நியாயம்தான் என்றால், எப்படி அனுப்புவது நியாயம்?

2023-ல் ஒரு மாலை, கவிதை எழுதும் இளைய நண்பர் ஒருவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "என்ன ஸார் இது, நம்ம மன்னார்குடிப் பக்கத்துப் பொண்ணைக் கழட்டி விட்டுடுவாங்க போலிருக்கே" என்றார். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா துளசேந்திரபுரத்துக்காரர் என்பதால் அவருக்கு இந்த உரிமை. ஜோ பைடன் 2024 தேர்தலுக்கு வேறு துணையைத் தேடிக்கொள்வது நல்லது என்று அங்கே சில பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. நான், "அரசியல்னா அப்படித்தானேய்யா" என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு அந்தப் பதில் என்னை உறுத்தியது. அப்படித்தான் என்பது பதில் அல்ல, யோசிக்க மறுப்பது. அதிலும் நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. இதே காரியத்தை நான் ஒரு முறை செய்தவன். முந்நூறு பிரதி அச்சிட்ட ஒரு பத்திரிகையில். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பெரிய உதாரணம்.

2

துணை ஜனாதிபதி பதவி விசித்திரமானது. அரசியல் சட்டம் அதற்குக் கொடுத்த வேலைகள் இரண்டு. ஒன்று, செனட் சபைக்குத் தலைமை வகிப்பது. மற்றது, காத்திருப்பது. இந்தப் பதவியில் முதலில் உட்கார்ந்த ஜான் ஆடம்ஸே, மனிதன் கண்டுபிடித்தவற்றில் இவ்வளவு அற்பமான பதவி வேறில்லை என்ற அர்த்தத்தில் 1793-ல் மனைவிக்கு எழுதினார். ஆனால் இதுவரை ஜனாதிபதியாக இருந்த 45 பேரில் 9 பேர், தமக்கு முன்னிருந்தவர் செத்தோ ராஜிநாமா செய்தோ நடுவில் பதவிக்கு வந்தவர்கள். 1841-ல் ஜான் டைலரில் தொடங்கி 1974-ல் ஜெரால்ட் ஃபோர்டு வரை. ஐந்தில் ஒருவர். ஆகவே இரண்டாவது நாற்காலியில் உட்காருபவரைப்பற்றிக் கேட்கவேண்டிய உண்மையான கேள்வி ஒன்றுதான்: நாளைக் காலையில் இவர் முதல் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தால் நாடு தாங்குமா? மற்றக் கேள்விகளெல்லாம் இதன்மேல் போர்த்தியவை.

'செல்வாக்கு இல்லை' என்பது அப்படிப் போர்த்திய கேள்விகளில் ஒன்று. இதைக் கேட்டவுடன் இரண்டு உபகேள்விகள் எழ வேண்டும். யாரிடம் செல்வாக்கு இல்லை? யாரால் இல்லாமல் போயிற்று? இரண்டாவது முக்கியமானது. துணை ஜனாதிபதிக்குச் சுயமான வேலை கிடையாது. ஜனாதிபதி கொடுப்பதுதான் வேலை. நல்ல பெயர் கிடைக்கிற வேலையை யாரும் பிறருக்குக் கொடுப்பதில்லை. ஐஸன்ஹோவர் 1952-லும் அதற்குப் பிறகும் எல்லோருக்கும் தாத்தாவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சியைக் கடிக்கும் வேலை நிக்ஸனுடையது. 1956-ல் நிக்ஸனைக் கடிநாய் என்று ஜனங்கள் நினைத்ததில் என்ன ஆச்சரியம்? 2021 மார்ச்சில் பைடன், மத்திய அமெரிக்காவிலிருந்து மக்கள் எல்லை தாண்டி வரக் காரணமானவற்றைச் சரிசெய்யும் பொறுப்பை ஹாரிஸிடம் கொடுத்தார். குவாதமாலாவின் வறுமையையும் ஹோண்டுராஸின் வன்முறையையும் எந்தத் துணை ஜனாதிபதி நான்கு வருஷத்தில் தீர்க்க முடியும்? தீராத வேலையைக் கொடுத்துவிட்டு, தீரவில்லையே என்ற கெட்ட பெயரையும் அவரிடமே விட்டுவிடுவது அதிகாரத்தின் பழைய பழக்கம்.

3

இனி 1944. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஹென்றி வாலஸ்.

வாலஸ் அயோவா மாநிலத்து மக்காச்சோளக்காரர். வீரிய ஒட்டுச் சோள விதையை வியாபாரமாக்கிய முன்னோடிகளில் ஒருவர். 1926-ல் அதற்கென்று கம்பெனி தொடங்கியவர். 1933-லிருந்து ரூஸ்வெல்ட்டின் விவசாய மந்திரி. தியாசபியில் நாட்டமுண்டு, பின்னாளில் குலு பள்ளத்தாக்கில் செத்துப்போன ரஷ்ய ஓவியர் நிக்கலஸ் ரோரிச்சைக் குருவாகப் பாவித்து அவர் எழுதிய கடிதங்கள் 1948-ல் அவரைக் கேலிசெய்யப் பயன்பட்டன. 1940-ல் அவரைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக ஏற்கக் கட்சி மாநாடு முரண்டியது. அவர் இல்லாவிட்டால் நானும் இல்லை என்று ரூஸ்வெல்ட் நிர்ப்பந்தித்தார். விலகல் அறிக்கைகூடத் தயாராக இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வாலஸ் தானாக வந்து உட்கார்ந்தவர் அல்ல. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப்பட்டவர்.

நாலு வருஷம் கழித்துக் கட்சியின் பெருந்தலைகளுக்கு அவர் வேண்டாதவரானார். 1942 மே மாதத்தில் அவர் பேசிய 'சாமான்யனின் நூற்றாண்டு' என்ற பேச்சு உலகமெங்கும் போயிற்று. ஆரன் கோப்லாண்ட் அந்த ஆண்டு எழுதிய இசைத்துண்டுக்குச் 'சாமான்யனுக்கு' என்று பெயர் வைத்தது அதைக் கேட்டுத்தான். ஆனால் தென்மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு இந்தச் சாமான்யனில் கறுப்பனும் அடக்கம் என்பது தெரிந்திருந்தது. ஆக, யாரிடம் செல்வாக்கு இல்லை? 1944 ஜூலையில் காலப் நிறுவனம் எடுத்த வாக்கெடுப்பில், ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் 65 சதவீதம் வாலஸையே மீண்டும் விரும்பினார்கள். ஹாரி ட்ரூமனை விரும்பியவர்கள் 2 சதவீதம்.

ஜூலை 11 இரவு வெள்ளை மாளிகையில் கட்சிப் பெரியவர்கள் சிலர் ரூஸ்வெல்ட்டுடன் உட்கார்ந்து ட்ரூமன் என்று முடிவுகட்டினார்கள். அதன்பின் ரூஸ்வெல்ட் செய்தவைதான் என் விஷயம். சோவியத் ஆசியாவிலும் சீனாவிலும் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த வாலஸிடம், வெளியில் இப்படிச் சொல்ல முடியாது, ஆனால் பழைய ஜோடியே தொடரும் என்று நம்புகிறேன் என்ற விதமாக அவர் பேசினார். வாலஸின் நாட்குறிப்பு இதைச் சொல்கிறது. தென் கரோலினாவின் ஜேம்ஸ் பைர்ன்ஸையும் நம்பிக்கையோடு சிகாகோவுக்குப் போகவைத்தார். ட்ரூமன் அல்லது வில்லியம் டக்ளஸ், யாரானாலும் சந்தோஷமே என்று கட்சித் தலைவர் ராபர்ட் ஹானகனுக்கு ஒரு கடிதம். மாநாட்டுத் தலைவர் ஸாமுவேல் ஜாக்ஸனுக்கு இன்னொரு கடிதம். அதில் வாலஸைத் தனக்குப் பிடிக்கும், மதிப்புண்டு, தான் ஒரு பிரதிநிதியாக இருந்தால் அவருக்கே ஓட்டுப் போடுவேன் என்கிறார். ஆனால் மாநாட்டுக்குக் கட்டளையிடுகிற மாதிரித் தோன்றத் தனக்கு விருப்பமில்லை, மாநாடுதான் தீர்மானிக்க வேண்டும் என்று முடிக்கிறார். 1940-ல் மாநாட்டின் கழுத்தைப் பிடித்தவர் 1944-ல் மாநாட்டின் சுதந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கடிதத்தைப் படித்த எல்லோருக்கும் புரிந்தது.

ரூஸ்வெல்ட் சிகாகோவில் இல்லை. மாநாடு நடந்தபோது ஸான் டியாகோவில் ரயில்பெட்டியில் இருந்தார். ஏற்புரையை அங்கிருந்தே ரேடியோவில் பேசினார். ஜூலை 20 அன்று ரூஸ்வெல்ட்டின் பெயரை வழிமொழிந்து வாலஸ் பேசினார். ஓட்டுப்போட வரி கட்டவேண்டும் என்ற தென்மாநிலச் சட்டம் ஒழியவேண்டும், நிறமும் பாலும் பார்க்காமல் ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும் என்றார். தன் சீட்டைத் தானே கிழித்துக்கொள்ளும் பேச்சு அது. அன்றிரவு கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்த, ஓட்டெடுப்பு நடந்துவிட்டால் அவர் ஜெயித்துவிடுவார் என்ற நிலையில் சபை ஒத்திவைக்கப்பட்டது. ஜூலை 21, முதல் சுற்று: வாலஸ் 429½, ட்ரூமன் 319½. இரண்டாவது சுற்றின் முடிவில் ட்ரூமன் 1,031, வாலஸ் 105. பின்பு வாலஸ் அந்தக் கட்சிக்காகவே ஊர்ஊராகப் பிரசாரம் செய்தார். 1945 ஜனவரி 20-ம் தேதி ட்ரூமனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவரும் அவர்தான். 82 நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்தார்.

இன்னொரு தகவல். அணுகுண்டு முயற்சியைப்பற்றி முடிவெடுக்க 1941-ல் ரூஸ்வெல்ட் அமைத்த மிகச்சிறிய குழுவில் வாலஸ் இருந்தார். ட்ரூமனுக்கோ, பதவியேற்ற அன்று மாலை ஜாடையாகச் சொல்லி, ஏப்ரல் 25-ல்தான் முழு விவரமும் சொன்னார்கள். தெரிந்தவரை அனுப்பிவிட்டுத் தெரியாதவரைக் கொண்டுவந்து, அவரிடம் எதுவும் சொல்லாமலே போய்ச்சேர்ந்தார் ரூஸ்வெல்ட்.

4

இதுவரை சொன்னதை வைத்து வாலஸை நல்லவராகவும் ட்ரூமனைச் சதியின் பலனாகவும் பார்க்கிற ஒரு பார்வை உண்டு. வாலஸ் இருந்திருந்தால் ஹிரோஷிமா இல்லை, பனிப்போர் இல்லை என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. நடக்காததை எழுதுவது நாவலாசிரியன் வேலை. தர்க்கத்தில் அது ஒரு சொகுசு. குண்டைச் செய்ய முடிவெடுத்தவர்களில் வாலஸும் ஒருவர் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அதைவிட, வாலஸ்மேல் உண்மையான ஒரு குற்றம் இருக்கிறது. 1944 மே மாதம் அவர் கோலிமாவுக்குப் போனார். சைபீரியாவின் கிழக்குக் கோடி. ஸ்டாலினின் அடிமை முகாம்களில் மிகக் கொடியவை இருந்த இடம். மகதான் நகரைச் சுற்றிப்பார்த்துவிட்டு, காட்டையும் பனியையும் வென்று ஊர் கட்டும் முன்னோடிகளைக் கண்டேன் என்று அவர் மெய்யாகவே மகிழ்ந்தார். அவர் வரும் நாட்களில் காவல் கோபுரங்களைப் பிரித்து, கைதிகளைக் கண்ணில் படாமல் அடைத்து, கடைகளில் பண்டங்களை நிரப்பி வைத்தார்கள் என்பதை, அங்கே கைதியாக இருந்த எலினார் லிப்பர் பின்னால் எழுதினார். ஏமாற்றப்பட்டது அவர் குற்றமில்லைதான். ஆனால் ஏமாறத் தயாராக ஒரு மனம் போயிருந்தது. விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அதன் குறையைக் கண்டுபிடிக்கிற கண், மனிதர்களிடம் வந்தபோது 'சாமான்யன்', 'முன்னோடி' என்ற பெரிய வார்த்தைகளின் வழியாக மட்டும் பார்த்தது.

இதைச் சரியாகப் பிடித்தவர் நம்மைப் போல் ஒரு சிறுபத்திரிகைக்காரர். 1944-ல் 'பாலிடிக்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கிய ட்வைட் மக்டொனால்டு. 1948-ல் அவர் வாலஸைப்பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். வாலஸ் பேசுவது ஆங்கிலமல்ல, 'வாலஸீஸ்' என்ற தனி மொழி. அதில் எல்லாப் பதங்களும் மூட்டமாக இருக்கும், ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. பொருளிலிருந்து அறுந்துபோன மொழி கண்ணையும் கெடுக்கும் என்பது நம்மில் பலர் கவிதையை வைத்துக் காலமெல்லாம் சொல்லிவந்தது. அது ஒரு நாட்டின் இரண்டாவது நாற்காலிக்கும் பொருந்துகிறது. வாலஸே 1952-ல், தான் தவறிய இடம் எது என்று ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார். அது அவருடைய பெருமை. ஆனால் 1945-ல் அவர் ஜனாதிபதியாகியிருக்க வேண்டுமா என்றால், எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே வாலஸை மாற்றியது சரி என்று ஒருவர் வாதிக்கலாம். நானும் பாதி வாதிப்பேன். ஆனால் அவரை மாற்றியது இதற்காக அல்ல. கோலிமா யாருடைய மனத்திலும் இல்லை. கறுப்பருக்கு ஓட்டு, சம கூலி என்று பேசியதற்காகவே தென்மாநிலத்தார் அவரை வெறுத்தார்கள். சரியான முடிவு தப்பான காரணத்துக்காக எடுக்கப்பட்டது என்றால், அது சரியான முடிவா? வைத்தியர் கைதவறிக் கொடுத்த மருந்தில் வியாதி குணமானதற்கு ஒப்பாகும் அது. பிழைத்தவன் சந்தோஷப்படலாம். வைத்தியரைப் பாராட்ட முடியாது.

விளைவை வைத்து நியாயம் தீர்க்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். தென்மாநிலத்தார் நிம்மதியோடு ஏற்றுக்கொண்ட ட்ரூமன்தான் 1948 ஜூலையில் ராணுவத்தில் நிறப் பாகுபாடு கூடாது என்று ஆணையிட்டார். இதற்கு நேர்மாறானது 1864. லிங்கனின் துணை ஜனாதிபதி ஹானிபல் ஹாம்லின் அடிமைமுறைக்கு உறுதியான எதிரி. பால்டிமோர் மாநாட்டில் அவரைக் கழற்றிவிட்டு, டென்னஸியின் ஆண்ட்ரூ ஜான்ஸனை வைத்தார்கள். தெற்கத்தியன் ஒருவன் இருந்தால் ஓட்டு வரும் என்பது கணக்கு. இதில் லிங்கனின் கை உண்டா இல்லையா என்று 1891-ல் ஹாம்லின் செத்தபோது அவருடைய பழைய ஆட்கள் பத்திரிகையில் சண்டைபோட்டார்கள், இன்றும் தீரவில்லை. தீராததற்குக் காரணம் லிங்கன் வாய்திறந்து ஒன்றும் சொல்லாததுதான். ஜான்ஸன் துணை ஜனாதிபதியாகப் பதவியேற்ற ஆறு வாரத்தில் லிங்கன் சுடப்பட்டார். ஜான்ஸன், விடுதலையான கறுப்பர்களுக்கு உரிமை தரும் மசோதாவை 1866-ல் ரத்துச்செய்யப் பார்த்தார். ஒரே மாதிரிக் கணக்கு, எதிரெதிரான இரண்டு விளைவு. விளைவு நம் கையில் இல்லாதபோது நம் கையில் இருப்பது என்ன? காரணமும் முறையும்தான்.

5

முறை என்று வரும்போது எனக்கு ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு சொல் தமிழில் கிடைக்கிறது: தாட்சண்யம். முகதாட்சண்யம் என்றும் சொல்வோம். எதிரில் இருப்பவன் முகம் வாடக்கூடாதே என்று மறுப்பை விழுங்கிக்கொள்வது. அதை ஒரு நற்குணமாகவே நம் வீடுகளில் வளர்த்திருக்கிறோம். பெண் பார்க்கப் போய்விட்டு 'ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்' என்று சொல்வது அதுதான். ரூஸ்வெல்ட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒவ்வொருவரும் அவர் தன் பக்கம் என்று நினைத்துக்கொண்டே வந்ததாக அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாலஸ், பைர்ன்ஸ் இருவரும் அப்படி வெளியே வந்தவர்கள்தான். இது வஞ்சகம் மட்டுமல்ல. முகத்துக்கு நேரே 'நீ வேண்டாம்' என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை.

இப்போது என் கதை.

எண்பதுகளில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் நடத்தினோம். என் பெயர் ஆசிரியர் என்று முதலில். அவர் பெயர் இணை ஆசிரியர் என்று அதன் கீழ். மதிப்புரைகளை அவரே எழுதினார். எழுதச் சொன்னது நான். யாரையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சொன்னதும் நான். அவர் விடவில்லை. ஒரு வருஷத்துக்குள் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். என்னோடு பேசினார்கள். நான் கவிதை போடுகிறவன், அவர் கிழிக்கிறவர் என்று ஆயிற்று. கடைசியில் காகிதச் செலவுக்கு உதவிக்கொண்டிருந்த ஒருவர், அந்தப் பெயர் இருக்கும்வரை தன்னால் முடியாது என்று சொல்லியனுப்பினார்.

வட்டத்திலிருந்த ஆறு நண்பர்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். என் தனிப்பட்ட விருப்பம் அவர் தொடரவேண்டும் என்பதே; ஆனால் பத்திரிகை என் சொத்தல்ல; நண்பர்கள் தீர்மானிக்கட்டும். இவ்வளவுதான் கடிதம். கார்பன் வைத்து எழுதியதால் ஒரு பிரதி என்னிடம் இன்னும் இருக்கிறது. அவர்களுக்குப் புரிந்தது. அடுத்த இதழ் அவர் பெயரில்லாமல் வந்தது. இதழ் வந்த வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். வேறு என்னென்னவோ பேசினோம். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்காமல் விட்டது அவருடைய தாட்சண்யம். என்னுடையதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க இப்போது மனம் வரவில்லை. அவர் இன்று உயிருடன் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தில், ரூஸ்வெல்ட் ஜாக்ஸனுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். முடித்தபோது எனக்குக் கை நடுங்கியது என்று எழுதினால் அது இலக்கியம். உண்மையில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதே கடிதம். அவருக்கு ஒரு கட்சி, எனக்கு ஆறு பேர். அவருக்கு உலக யுத்தம், எனக்குக் காகித பில். வாக்கிய அமைப்புகூட ஒன்றாக இருந்தது. 'என் விருப்பம் இது, ஆனால்' என்று தொடங்கி 'அவர்கள் தீர்மானிக்கட்டும்' என்று முடிகிற வாக்கியத்துக்கு ஆள் தேவையில்லை போலும். அது தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. நான் தவறியது நண்பரை எடுத்ததில் அல்ல. அவர் பெயரை எடுக்க நியாயமான காரணம் இருந்திருக்கக்கூடும். அவர் எழுத்தில் கோபம் பார்வையைத் தின்னத் தொடங்கியிருந்தது. அதை நான் கவனித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். ஒருவேளை அவர் ஜெயித்திருப்பார். அந்தச் சந்தர்ப்பத்தை நான் அவருக்குத் தரவில்லை. காரணத்தைச் சொல்லாமல் அனுப்புவது, அனுப்பப்படுபவனிடமிருந்து பதவியை மட்டுமல்ல, பதிலையும் பறித்துவிடுகிறது. தாட்சண்யத்தின் குரூரம் இதுதான்.

6

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, லேசாகத் தள்ளக்கூடியதல்ல. 1944 ஜூலையில் நார்மண்டியில் படை இறங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ரூஸ்வெல்ட் வாலஸை மாற்றும் காரணத்தை வெளியில் சொன்னால் தொழிற்சங்கங்கள் ஒரு பக்கம், தென்மாநிலங்கள் ஒரு பக்கம் என்று கட்சி பிளந்திருக்கும். யுத்த காலத்தில் ஒரு தலைவன் தன் மனச்சாட்சியைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காக நாட்டைப் பணயம் வைக்கலாமா? பொய்யும் ஒரு பொறுப்பு அல்லவா?

இதை நான் பாதிதான் ஏற்கிறேன். ஊருக்குச் சொல்ல முடியாததை உரியவருக்குச் சொல்லலாம். மூடிய அறையில் வாலஸிடம் 'இல்லை' என்று சொல்ல நார்மண்டி குறுக்கே நிற்கவில்லை. சொல்லாததற்கு வேறு காரணம் இருந்தது என்று நினைக்கிறேன். 1944 மார்ச் இறுதியில் இதய வைத்தியர் ஹவர்ட் ப்ரூயன் ரூஸ்வெல்ட்டைச் சோதித்தார். இதயம் தளர்ந்திருந்தது, ரத்த அழுத்தம் அபாயமான அளவில் இருந்தது. நாட்டுக்குச் சொல்லப்படவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், ரூஸ்வெல்ட் தன் நிலைபற்றி ஒரு கேள்விகூடத் தன்னிடம் கேட்கவில்லை என்று ப்ரூயன் 1970-ல் எழுதினார். கேட்க விரும்பாத மனிதர் அவர். ஜூலை 11 இரவு அந்த அறையில் இருந்த கட்சிக்காரர்களுக்கு, தாங்கள் தேர்ந்தெடுப்பது அடுத்த ஜனாதிபதியை என்பது தெரிந்திருந்தது. ரூஸ்வெல்ட் மட்டும் ஓட்டு வாங்கித் தரும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பது போல நடந்துகொண்டார். 'எனக்குப் பின் நீ வேண்டாம்' என்று வாலஸிடம் சொல்ல வேண்டுமானால், 'எனக்குப் பின்' என்ற சொல்லை அவர் முதலில் உச்சரித்தாக வேண்டும். அவரால் முடியாதது அதுதான். இரண்டாவது நாற்காலியை நேராகப் பார்ப்பது என்பது, தன் நாற்காலி ஒரு நாள் காலியாவதைப் பார்ப்பது.

மற்றவர்களும் அப்படிப் பார்க்கவில்லை. 1956-ல் ஐஸன்ஹோவர், முந்தின ஆண்டு மாரடைப்பிலிருந்து எழுந்தவர், நிக்ஸன் தன் வழியைத் தானே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்றார். ஒரு மந்திரி பதவியும் தருவதாகச் சொன்னார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நிக்ஸன் பிடிவாதமாக உட்கார்ந்திருந்ததால் தப்பினார். 1975 நவம்பரில் ஃபோர்டு, கட்சியின் வலதுசாரிகளுக்குப் பயந்து நெல்ஸன் ராக்ஃபெல்லரை ஒதுங்கவைத்தார். ராக்ஃபெல்லர் தானே ஒதுங்குவதாகக் கடிதம் கொடுத்தார். 1976 தேர்தலில் ஃபோர்டு தோற்றார். பின்னாளில் அதைத் தன் வாழ்வின் கோழைத்தனமான காரியங்களில் ஒன்றாக அவரே சொன்னார். எனக்குத் தெரிந்து இந்த வரிசையில் அந்தச் சொல்லைத் தன்மேல் போட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அரசியல்வாதிகளைப்பற்றி இளக்காரமாக எழுதும் நம்மில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

கேள்விக்கு வருகிறேன். ஜனாதிபதி மாற்றலாமா? மாற்றலாம். இரண்டாவது நாற்காலி நன்றிக்கடனாகக் கொடுக்கப்படும் மானியம் அல்ல. உட்கார்ந்திருப்பவர் முதல் நாற்காலிக்குத் தகுதியில்லை என்று ஜனாதிபதி மெய்யாகவே நம்பினால், மாற்றாமலிருப்பதுதான் குற்றம். அங்கே விசுவாசம் என்பது ஊரார் பணத்தில் செய்யும் தர்மம். ஆனால் செல்வாக்கு இல்லை என்பதற்காக மட்டும் மாற்றக்கூடாது. அந்தச் செல்வாக்கின்மையில் தன் பங்கு எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். காரணத்தை உரியவரின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். எதிரில் சொல்ல முடியாத காரணம் பெரும்பாலும் காரணமே அல்ல.

இவற்றுக்கெல்லாம் முன்னால், 'இவர் தகுதியானவரா' என்ற கேள்வியை ஜனாதிபதி தன்னிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2023-ல் எல்லோரும் ஹாரிஸை மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 21 அன்று, வாலஸ் தோற்ற நாளிலிருந்து சரியாக 80 ஆண்டு கழித்து, விலகியவர் பைடன். கேள்வி இரண்டாவது நாற்காலியைச் சுற்றிக்கொண்டிருந்தது முதல் நாற்காலியைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நவம்பரில் ஹாரிஸ் தோற்றார் என்பது கணக்குப் பிள்ளைகளுக்கு உதவும். இந்தக் கேள்விக்கு அது விடையாகாது.

எங்கள் பத்திரிகை அதற்குப் பிறகு இரண்டு இதழ் வந்தது. காகிதச் செலவுக்குப் பணம் வந்தது. மதிப்புரைப் பகுதியில் எல்லோரையும் பாராட்டினோம். மூன்றாவது இதழுக்கு என்னிடம் எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று. எடுக்கவேண்டிய பெயர் கீழே இருந்த பெயர்தானா என்று அந்தக் கடிதத்தை எழுதும் முன் நான் ஒரு தடவை யோசித்திருக்கலாம். அந்த இளைய நண்பருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.